நீலகிரி மலை ரயிலைப் பலகை பலகையாகக் கட்டுவது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை நீலகிரி மலை ரயில் ஓடும் தூரம் 46 கிலோமீட்டர். அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் தண்டவாளம் ஏறத்தாழ 530 மீட்டர் நீளம் வரும். உயரம் அதைவிடப் பெரிய சிக்கல். மலையடிவாரத்திலுள்ள கல்லாறு முதல் குன்னூர் வரை ரயில் ஏறுவது சுமார் 1,300 மீட்டர். அதே விகிதத்தில் சுருக்கினால் 15 மீட்டர், அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

மாதிரி ரயில் செய்ய ஆசைப்படும் பலர் இந்தக் கணக்கைப் பார்த்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு மேசையின் மேல் முட்டை வடிவத்தில் தண்டவாளம் போட்டு, நடுவில் ஒரு குன்றை வைத்துத் திருப்தி அடைகிறார்கள். அதில் ரயில் சுற்றி வரும், ஆனால் எங்கும் ஏறிப் போகாது. மலை ரயிலை நேசிக்கிறவருக்கு அது போதாது. அவருக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. அதை மாட்யூல் முறை என்பார்கள். அது என்ன, ஒரு மலைப்பாதைக்கு அது ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது, முதல் பலகையை எப்படித் தொடங்குவது என்பதை நீலகிரிப் பாதையை வைத்தே சொல்கிறேன்.

முனையில்தான் எல்லாம்

பெரிய மாதிரிப் பாதையை ஒரே மேடையாகக் கட்டாமல், ஒருவர் தூக்கக்கூடிய தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டுவது மாட்யூல் முறை. இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு மாட்யூலையும் பலகை என்றே அழைக்கிறேன். சுமார் 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு காட்சி இருக்கும். தண்டவாளம் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். அடுத்த பலகையை ஒட்டி வைத்து போல்ட் முடுக்கினால் ரயில் கடந்து போகும்.

ஆனால் துண்டுகளாக இருப்பதால் மட்டும் எதுவும் மாட்யூல் ஆகிவிடாது. ஒரு பெரிய மேடையை நான்காக அறுத்தால் கிடைக்கும் துண்டுகள் பழைய வரிசையில் மட்டுமே மீண்டும் சேரும். மங்களூர் ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஓட்டின் விளிம்பிலும் உள்ள பள்ளமும் மேடும் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால்தான் எந்த ஓட்டை எதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்துகிறது, கூரை ஒழுகுவதில்லை. பலகையும் அப்படித்தான். நடுவில் உங்கள் விருப்பம், முனையில் எல்லாருக்கும் பொதுவான விதி. பலகையின் முனையை மூடும் முனைத் தகட்டில் தண்டவாளம் எந்த இடத்தில் வர வேண்டும், போல்ட் துளைகள் எங்கே, மின்கம்பி இணைப்பு எந்த வகை என்ற மூன்றும் எல்லாப் பலகைகளிலும் ஒன்றாக இருந்தால் போதும். கோயம்புத்தூரில் ஒருவர் செய்ததும் கொழும்பில் ஒருவர் செய்ததும் முதல்முறை சந்திக்கும்போதே இணைந்துவிடும்.

உலகில் இதற்கெனப் பல விதித்தொகுப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. 1970களில் கலிஃபோர்னியாவில் பிறந்த என்டிராக், பலகையின் முன்விளிம்பை ஒட்டி மூன்று இருப்புப் பாதைகள் ஓட வேண்டும் என்கிறது. சமவெளியின் பெரிய ரயில்களுக்கு அது ஏற்றது, ஒற்றைப் பாதை மட்டுமே உள்ள மலைக்கு அல்ல. ஜப்பானில் தோன்றிய டி-டிராக் இன்னும் சிறியது, சாதாரண மேசைமேல் அடுக்கிக்கொள்ளலாம். நமக்கு நெருக்கமானவை இரண்டு. ஒன்று 1981இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஃப்ரெமோ, மற்றொன்று 1990களில் கலிஃபோர்னியாவில் உருவான ஃப்ரீ-மோ. இரண்டிலும் ஒற்றைப் பாதைக்கு இடமுண்டு, பலகை எந்த வடிவத்திலும் வளையலாம், சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓர் ஊரில் புறப்பட்டு இன்னோர் ஊரில் போய்ச் சேரலாம். மலை ரயிலும் அதைத்தானே செய்கிறது?

மலைப்பாதையே பலகைகளாகத்தான் இருக்கிறது

இந்தப் பாதையில் பயணம் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சமவெளி ரயிலில் காட்சி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். மலை ரயிலில் அது வெட்டுப்படும். ஒரு பாலம், அதன் கீழே ஓடை. பிறகு பாறையைப் பிளந்த வெட்டு, பிறகு குகையின் இருட்டு. வெளியே வந்தால் முன்பு இடப்பக்கம் இருந்த பள்ளத்தாக்கு இப்போது வலப்பக்கம். 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள் என்று நாளிதழ்கள் வழக்கமாகச் சொல்லும் எண்கள் இந்த வெட்டுப்படுதலைத்தான் கணக்கெடுக்கின்றன. அதனால் பலகை பலகையாக மாதிரி செய்யும்போது பாதையின் இயல்புக்கு எதிராக நாம் எதையும் திணிப்பதில்லை. குகையும் பாறை வெட்டும் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கதவுகளாக ஏற்கெனவே இருக்கின்றன.

இனி, தெரிந்தே விட வேண்டியவற்றை விட வேண்டும். 120 செ.மீ. பலகை ஒன்று உண்மைப் பாதையில் சுமார் 104 மீட்டருக்குச் சமம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையுள்ள 20 கிலோமீட்டரையும் அப்படியே செய்ய 190 பலகைகளுக்கு மேல் வேண்டும். ஒருவருக்கு ஒரு வாழ்நாள் போதாது. நான் பரிந்துரைப்பது ஏழு பலகைகள். கல்லாறு, ஒரு பாலம், வெறும் காடு, ஒரு குகை, ஹில்குரோவ், தேயிலைச் சரிவில் ஒரு வளைவு, குன்னூர். வரிசை மாறக்கூடாது, ஏனெனில் உயரத்தோடு மரமும் மண்ணும் மாறுகின்றன. நேராக வைத்தால் மொத்தம் 8.4 மீட்டர். வீட்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மேசையில் வைத்து வேலை செய்யலாம், மற்றவை பரணிலோ அலமாரியிலோ இருக்கட்டும். ஏழையும் சேர்க்க ஒரு பள்ளிக் கூடமோ மண்டபமோ கிடைக்கும் நாள் திருவிழா.

பட்டியலில் வெறும் காட்டுக்கு ஒரு பலகை ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒவ்வோர் அங்குலத்திலும் ஏதாவது வைக்கத் துடிப்பார்கள். பாலத்தை ஒட்டிக் குகை, குகையை ஒட்டி நிலையம் என்று நெருக்கினால் அது கண்காட்சி அரங்கு போலாகும். மரமும் பாறையும் சரிவும் மட்டுமே உள்ள ஒரு பலகையை நடுவில் வைத்தால்தான் அடுத்த காட்சிக்கு மதிப்பு வரும்.

அளவு

நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,000 மி.மீ. இதை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. வரும். சந்தையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதை இதற்கு மிக நெருக்கம். இந்த அளவை எச்ஓஎம் என்பார்கள், எச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், மீட்டர் கேஜ் என்று பொருள். 120-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 8.3 மி.மீ. வரும். அப்போது உலகமெங்கும் மலிவாகக் கிடைக்கும் 9 மி.மீ. ‘என்’ (N) அளவுப் பாதையையே பயன்படுத்தலாம். இடமும் பணமும் குறைவென்றால் இரண்டாவது வழியில் தவறேதுமில்லை. இருந்தாலும் நான் 87-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். அதில் ஒரு மனிதர் 2 செ.மீ. உயரம் இருப்பார், பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனைக் கண்ணால் பார்க்க முடியும். அவர் இல்லாத மலை ரயில் எனக்கு மலை ரயிலாகத் தெரிவதில்லை.

அவர் அங்கே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஏறும்போது ஓட்டுநருக்கு முன்னே இருப்பது தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான் கொடி காட்டிச் சைகை தருகிறார்கள். மாதிரியிலும் இந்த ஒழுங்கை விடாதீர்கள். இன்ஜினை முன்னால் மாட்டி மேலே இழுக்கவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அது வேறு ஏதோ ஒரு ரயிலாகிவிடும்.

8 சென்டிமீட்டர்

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். கல்லாற்றைத் தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. அங்கே ஏற்றம் 12.5-க்கு 1, அதாவது 12.5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் சரிவு இது. அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன, இன்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இரண்டு சட்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். ஒரு பல் விடுபடும் நொடியில் இன்னொரு பல் பற்றியிருக்கும். இந்தப் பாதையின் எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும், மற்ற இரண்டும் பற்சக்கரங்களைச் சுழற்றும். முதல் இரண்டில் வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவியே ஏற்றத்தில் அடுத்த இரண்டுக்கும் போகும். 1891இல் தொடங்கிய கட்டுமானம் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் எட்டியது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு இந்தப் பல்சக்கரப் பகுதியின் பொறியியலும் ஒரு முக்கியக் காரணம்.

12.5-க்கு 1 என்பதை நம் பலகைக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு மீட்டருக்குச் சரியாக 8 செ.மீ. 120 செ.மீ. பலகைக்கு 9.6 செ.மீ. தூரத்தைச் சுருக்குகிறோம், காட்சிகளை விடுகிறோம், நிலையங்களைத் தவிர்க்கிறோம். சரிவை மட்டும் சுருக்க வேண்டியதில்லை. விகிதம் விகிதமாகவே இருக்கும். இந்தப் பாதையின் முகம் அந்தச் சரிவுதான். மற்ற எதில் சமரசம் செய்தாலும் இதில் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து சரிவுப் பலகைகள் 48 செ.மீ. ஏறும். கல்லாற்றில் சமதளத்திலிருந்து சரிவுக்கு மெல்ல மாறும் இடமும், குன்னூரில் சரிவிலிருந்து சமதளத்துக்கு மாறும் இடமும் சேர்ந்து இன்னும் 5 செ.மீ. தரும். கல்லாற்றுத் தண்டவாளத்தைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வைத்தால் குன்னூர் 143 செ.மீ. உயரத்தில் நிற்கும். கல்லாற்றில் ஒரு சிறு குழந்தை தன் கண் மட்டத்தில் ரயிலைப் பார்க்கும். குன்னூரைப் பார்க்க அப்பா தூக்கிக்கொள்ள வேண்டும். 1,300 மீட்டர் ஏற்றத்தை அரை மீட்டரில் உணர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பலகையின் மரச்சட்டம் கட்டுவது இதனால் கடினமாகும் என்று அஞ்ச வேண்டாம். பக்கப் பலகைகளை நீள்சதுரமாக வெட்டாமல் இணைகரமாக வெட்டுங்கள். கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் 9.6 செ.மீ. வித்தியாசம், இரு முனைகளும் செங்குத்து. முனைத் தகடுகளைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்தி, பக்கப் பலகைகளை அவற்றோடு திருகினால், மேலே போடும் தளம் தானாகவே சரியான சாய்வில் அமரும். கால்கள் ஒவ்வொரு பலகைக்கும் வேறு நீளம். அடியில் உயரம் கூட்டிக் குறைக்கும் போல்ட் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் எந்த மண்டபத்தின் தரையும் சமமாக இருப்பதில்லை.

முனைத் தகட்டுக்கு 12 மி.மீ. பிளைவுட், பக்கங்களுக்கு 9 மி.மீ. போதும். விளிம்புகளுக்கு இரண்டு கை பிரைமரோ வார்னிஷோ அடிக்காமல் விடாதீர்கள். நான் செய்த முதல் பலகை ஐப்பசி மழையில் ஈரம் குடித்து ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் உப்பியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒவ்வொரு பெட்டியும் தடம் புரண்டது. அந்த முனையை மறுபடி அறுத்துச் செய்தேன்.

அச்சுத் தகடு

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது பலகை அல்ல, ஓர் அச்சுத் தகடு. 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் தண்டவாளத்தின் மேல்மட்டம், நடுக்கோடு, போல்ட் துளைகள் ஆகியவற்றைக் குறித்துத் துளையிடுங்கள். இனி எந்த முனையில் துளை போட்டாலும் இந்தத் தகட்டை வைத்துத்தான் போட வேண்டும். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு முறையும் அளந்தால் ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் நகரும். நண்பர் ஒருவர் சேர விரும்பினால் அவருக்கு வரைபடம் அனுப்பாதீர்கள், அதே அச்சில் துளையிட்ட இன்னொரு தகட்டை அனுப்புங்கள்.

அளவுகள் எல்லாம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும், பலகையின் அடியிலிருந்து அல்ல. ரயில் ஓடுவது தண்டவாளத்தில். முனைக்கு 10 செ.மீ. முன்பிருந்தே பாதை நேராக ஓடி, மேலிருந்து பார்க்கும்போது தகட்டுக்குச் செங்கோணத்தில் முடிய வேண்டும். வளைவின் நடுவிலோ கிளைப்பாதையின் மேலோ மூட்டு வரக்கூடாது. சரிவுப் பலகையின் இரு முனைகளிலும் சாய்வு அதே 8 சதவீதமாகத் தொடர வேண்டும். சாய்வு மாறும் வேலையைக் கல்லாற்றுப் பலகையும் குன்னூர்ப் பலகையும் தமக்குள்ளேயே, குறைந்தது 60 செ.மீ. நீளத்தில் மெல்ல முடித்துவிட வேண்டும். திடீரென மாறினால் பெட்டிகளின் கொக்கிகள் கழன்றுவிடும்.

நிலத்தின் வடிவமும் முனையில் பொருந்த வேண்டும். மலைப்பாதையில் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ஏறும் திசையில் பார்க்கும்போது மேடு இடப்பக்கம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மைப் பாதையில் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் என்று முன்பே சொன்னேன். அதற்குத்தான் குகைப் பலகை. ஒரு முனையில் மேடு இடப்பக்கம், மறுமுனையில் வலப்பக்கம். நடுவில் ரயில் மலைக்குள் மறைந்திருக்கும்போது பக்கம் மாறிவிடும். பார்க்கிறவர் அதை ஏமாற்று என்று நினைக்க மாட்டார். உண்மையான குகைக்குள் போய் வந்தவருக்கும் அதே அனுபவம்தான் நேர்கிறது.

பற்சட்டம்

இங்கே ஒரு நல்வாய்ப்பு நமக்கு உண்டு. எக்ஸ் வகை இன்ஜின்கள் முதலில் வந்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் செய்தார்கள். அதே சுவிட்சர்லாந்தில் மீட்டர் கேஜ் மலைப்பாதைகள் ஏராளம் என்பதால் எச்ஓஎம் அளவு அங்கேதான் மிகவும் வளர்ந்திருக்கிறது. பெமோ போன்ற நிறுவனங்கள் அந்த அளவில் மாதிரிகளை விற்கின்றன, வேலை செய்யும் பற்சட்டமும் அதைப் பற்றும் இன்ஜினும் அவற்றில் உண்டு. பற்சட்டம் இல்லாத, விருப்பப்படி வளைக்கக்கூடிய 12 மி.மீ. பாதை மட்டும் வேண்டுமென்றால் பெக்கோ, டில்லிக் ஆகியவையும் செய்கின்றன. நீலகிரிக்கு இன்ஜின் தந்த நாட்டின் மலைப்பாதைகளுக்காகச் செய்த பற்களே நம் மாதிரிக்கும் உதவுகின்றன.

எளிய வழி, பற்சக்கரம் உள்ள ஒரு சுவிஸ் இன்ஜினின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் எக்ஸ் வகையின் உடலை 3டி அச்சிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ செய்து பொருத்துவது. சக்கர அமைப்பு உண்மையோடு ஒத்துப்போகாது. பக்கத்தொட்டிகளும் படிகளும் பாதியை மறைக்கும், மீதியை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கைத்திறன் வளர்ந்த பிறகு அடிச்சட்டத்தையும் நீங்களே செய்யலாம்.

பற்சட்டத்துக்குச் செலவழிக்க இப்போது இயலாது என்றால், சரிவைப் பாதியாக, மீட்டருக்கு 4 செ.மீ. என்று குறைத்து, வெறும் தோற்றத்துக்குச் சட்டம் ஒட்டிச் சாதாரண இன்ஜினையே ஓடவிடலாம். எடையுள்ள இன்ஜின் இரண்டு பெட்டிகளைத் தள்ளிவிடும். முதல் முயற்சிக்கு அது போதும், பின்னால் மாற்றிக்கொள்ள முடியாது என்பதை மட்டும் அறிந்து தொடங்குங்கள். பாதிச் சரிவுப் பலகை முழுச் சரிவுப் பலகையோடு சேராது.

உண்மையான இரட்டைச் சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 44 மி.மீ. நம் அளவில் அது அரை மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. ஒற்றைச் சட்டம் போதும். ஆனால் ஒற்றைச் சட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. இரு பலகைகள் சேரும் இடத்தில் பற்களுக்கு இடையிலான தூரம் பிசகினால் பற்சக்கரம் முட்டி நிற்கும். ஆப்டின் இரட்டைச் சட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு சட்டத்தின் மூட்டைக் கடக்கும்போது பக்கத்துச் சட்டம் தாங்கும். அவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது மூட்டில் இன்ஜின் நின்றபோதுதான் எனக்கு உண்மையாகவே புரிந்தது. இதற்குத் தீர்வு, ஒவ்வொரு பலகையிலும் பற்சட்டத்தை முனைக்கு 3 செ.மீ. முன்பே நிறுத்திவிட்டு, பலகைகளை போல்ட் போட்டு இறுக்கிய பிறகு ஒரு 6 செ.மீ. துண்டை நடுவில் பதிப்பது. அந்தத் துண்டு இருபுறமும் பற்கள் சரியாக வரும்படி சிறிது நகரக்கூடியதாக இருக்கட்டும். பற்சட்டம் முதன்முதலில் தொடங்கும் கல்லாற்றிலும் கவனம் தேவை. அங்கே முதல் சில பற்களை அரத்தால் தேய்த்துத் தாழ்த்தி, அடியில் மெல்லிய ஸ்பிரிங் தகடு வையுங்கள். உண்மைப் பாதையிலும் நுழைவுச் சட்டம் ஸ்பிரிங்கின் மேல்தான் இருக்கிறது.

மண்ணும் மரமும்

கல்லாற்றில் பாக்குத் தோப்பு, ஓடை, வெப்பம். செம்புக் கம்பியை முறுக்கித் தண்டு, ஓரம் நறுக்கிய காகிதத்தில் ஓலை என்று பாக்கு மரங்களை எளிதில் செய்யலாம். குறைந்தது ஐம்பது மரங்கள் வேண்டும், பத்து வைத்தால் தோப்பாகாது. மேலே ஏற ஏறக் காடு அடர்கிறது. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும், பயணிகள் தேநீர் குடிப்பார்கள், குரங்குகள் கூரையில் காத்திருக்கும். அந்தத் தண்ணீர்க் குழாயும் நான்கு குரங்குகளும் போதும், பெயர்ப்பலகை இல்லாமலேயே ஊர் தெரிந்துவிடும். தேயிலை வளைவுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சரிவின் சமமட்டக் கோடுகளை ஒட்டி வரிசை வரிசையாக நட வேண்டும். குடித்து மீந்த தேயிலைத் தூளை வெயிலில் உலர்த்திக் காட்டுத் தரையில் தூவினால் சருகு போலவே இருக்கும். புல்லுக்குச் சாயம் ஏற்றிய தேங்காய் நார்.

மலையின் உடலுக்குத் தெர்மோகோல் அடுக்குகளை வெட்டி ஒட்டி, மேலே ஃபெவிகால் கலந்த காகிதக் கூழோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ பூசலாம். நிறத்துக்குப் பெயிண்ட்டை நம்புவதைவிட உண்மையான செம்மண்ணைச் சலித்துத் தூவுவது மேல். சலித்த மண்ணைத் தட்டில் பரப்பி அதன் மேல் காந்தத்தை நாலு முறை ஓட்டுங்கள். மண்ணிலுள்ள இரும்புத் துகள்கள் இன்ஜினின் மோட்டாருக்குள் ஏறினால் அதைக் காப்பாற்றுவது கடினம்.

இன்னொன்றும் முக்கியம். சரிவை நம் கண் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் ஏதாவது மட்டமாக இருந்தால்தான் அளக்கும். பாதையோரத்தில் எல்லாமே பாதையோடு சேர்ந்து சாய்ந்திருந்தால், 8 சதவீதம் ஏறியும் ஏறியதாகவே தெரியாது. அதனால் ஒவ்வொரு சரிவுப் பலகையிலும் கிடைமட்டமான ஒரு பொருளைத் தண்டவாளத்துக்கு அருகில் வையுங்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி, படிக்கல் கட்டிய ஒரு வீட்டின் அடித்தளம், பாலத்தின் கீழே தேங்கிய நீர், எதுவானாலும் சரி. கம்பங்களும் மரங்களும் செங்குத்தாக நிற்கட்டும். நீலநிறப் பெட்டி அவற்றைக் கடக்கும்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஓடவிடுவது

மின்சாரம் எளிது. ஒரே இன்ஜின் என்றால் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் போதும், டிஜிட்டல் கட்டுப்பாடு பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பலகையின் அடியிலும் இரண்டு தடித்த ஒயர்கள் ஓடட்டும். தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அவற்றிலிருந்து தனி இணைப்பு சாலிடர் செய்யுங்கள். மூட்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொடுவதை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள்.

தள்ளும் ரயிலில் பெட்டிகளின் எடைதான் சிக்கல். இலேசான பெட்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் வளைவில் தூக்கிவிடும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஈயமோ நட்டுகளோ ஒட்டி எடையேற்றுங்கள். இன்ஜினை ஒட்டிய பெட்டி மிகக் கனமாக இருக்கட்டும். வளைவுகளின் ஆரம் 60 செ.மீ.க்குக் குறைய வேண்டாம்.

வேகம்தான் பலர் தவறவிடும் இடம். பல்சக்கரப் பகுதியில் உண்மை ரயிலின் உச்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். நம் அளவில் அது நொடிக்கு 4 செ.மீ.தான். ஒரு பலகையைக் கடக்க அரை நிமிடம். முதல்முறை ஓட்டும்போது கை தானாகவே வேகத்தைக் கூட்டும், கூட்டாதீர்கள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மூன்றரை நிமிடம் ஆகும். பாலத்தின் மேல் அது ஊர்ந்து போகும்போதுதான் பார்க்கிறவர் ஒவ்வொரு பெட்டியாக எண்ணத் தொடங்குவார்.

முதலில் எந்தப் பலகை என்று கேட்டால் காட்டுப் பலகை என்பேன். கட்டடம் இல்லை, கிளைப்பாதை இல்லை, சாய்வு மாற்றமும் இல்லை. இணைகரச் சட்டம், அச்சுத் தகடு, பற்சட்டம் என்ற மூன்றையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். பிழை நேர்ந்தாலும் மரம் மறைத்துவிடும். குன்னூரைக் கடைசியில் வையுங்கள். அங்கேதான் நீராவி இன்ஜின் கழன்று டீசல் இன்ஜின் மாட்டப்படுகிறது, ரயில் சிறிது தூரம் பின்னோக்கி வந்துதான் மேலே தொடர்கிறது. கிளைப்பாதைகள், பணிமனை, நிலையக் கட்டடம் என்று அதற்கு வேலை மிகுதி, ஒரு வருடம்கூட ஆகலாம். அதை முடிக்கும்போது மேல்முனைத் தகட்டிலும் அச்சை வைத்து மறக்காமல் துளை போட்டுவிடுங்கள். அங்கிருந்து வெலிங்டன் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.